புகை என்ன கலர்?

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு: வண்டி சத்தம் போட்டால் பயம், சத்தம் போடாவிட்டால் அதைவிடப் பயம்.

பழைய வண்டி வைத்திருக்கிற உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் வசந்தா. எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் பெரிய புடவைக் கடை ஒன்றில் பல வருஷம் புடவையைப் பிரித்துக் காட்டி, மடித்து வைத்தேன். அங்கே வருகிறவர்கள் உட்காருவார்கள், நாங்கள் நிற்போம். காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். யாராவது கேட்டால் "சொந்தத் தொழில்" என்பேன். உண்மையான காரணம், டிரைவரை யாரும் நின்றுகொண்டு ஓட்டச் சொல்ல முடியாது.

வண்டி வெள்ளை நிற டீசல் கார். நான் வாங்கும்போதே அதற்கு நல்ல வயசு. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள், கோயில் சுற்ற வருகிறவர்கள், இவர்கள்தான் என் சவாரி. இந்தச் சித்திரையில் வண்டி புகைய ஆரம்பித்தது. ஆனிக் கடைசியில் எஃப்.சி. எடுக்க வேண்டும். வாடகைக்கு ஓட இந்த வண்டிக்குத் தெம்பு இருக்கிறது என்று வருஷா வருஷம் காட்டி வாங்குகிற சான்று அது. புகைகிற வண்டிக்கு அது கிடைக்காது. கிடைக்காவிட்டால் வண்டி வாசலில் நிற்கும், நான் கடையில் நிற்பேன். பழைய கடை மேனேஜர் அதற்குள் போனே போட்டுவிட்டார், ஆடித் தள்ளுபடிக்கு ஆள் வேண்டும் என்று. ஆக, ரிப்பேர் பார்ப்பதா, டீசலை விட்டுவிட்டு கேஸ் வண்டிக்கு மாறுவதா, திரும்பவும் புடவை மடிப்பதா என்று மூன்று மாதம் நான் பட்ட பாடுதான் இது.

மீட்டர் ஓய்வு பெற்றது

விழுப்புரத்திலிருந்து புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்த பெரியவர், ஏறியதிலிருந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தம் கேட்காமல் இருக்க நான் எப்போதும் பாட்டுப் போட்டுவிடுவேன். பாட்டு முடிந்து விளம்பரம் வருவதற்குள் இருமுவேன். அன்றைக்கு இரண்டும் செய்து பார்த்தேன், அவர் கண் மீட்டரை விட்டு நகரவில்லை.

"என்னம்மா, நம்பரே மாறல?"

"மூணு லட்சத்துச் சொச்சத்துல நின்னுடுச்சுங்க."

"எப்ப?"

"அது ஆச்சுங்க, ரெண்டு தீபாவளி."

அவர் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. இறங்கிவிடுவாரோ என்று நான் வேகத்தைக் குறைக்காமல் பார்த்துக்கொண்டேன். பின் சீட்டிலிருந்து அவர் மனைவி அவர் தோளைத் தட்டிச் சொன்னார்: "பாத்துக்கோங்க. இவ்வளவு ஓடியும் அது ஒரு நாளாவது வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு சோபாவுல படுத்துச்சா?"

பாலத்தில் ஒரு போட்டி

பஜனைக் குழுப் பெண்கள், எல்லாரும் கொஞ்சம் பூசின உடம்பு, ஓரிக்கை மணிமண்டபம் பார்த்துவிட்டு பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலுக்குப் போக வேண்டும் என்றார்கள். பாலம் ஏறும் இடத்தில் சின்ன மேடுதான். மேடு என்று சொன்னால் மேடே சிரிக்கும். வண்டி மூன்றாவது கியரில் முனகியது, இரண்டாவதில் அழுதது, முதலாவதில் புகையாய்க் கக்கிக்கொண்டு நடந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோட்டையே காணோம்.

நான் ஸ்டீயரிங்கை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரியும், இருந்தாலும் கை கேட்காது; உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். தாண்டும்போது பாவம் பார்த்துத் தலையை வேறு ஆட்டினார். குழுவின் தலைவி கண்ணாடியை இறக்கி அவரை வழியனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்: "நாங்க இறங்கி முன்னாடி போய் சாமி கும்புட்டுக்கினு இருக்கட்டுமாம்மா? நீ மெதுவா வந்து சேரு."

பாய் காது வைத்தார்

ஒலிமுகமதுபேட்டையில் நசீர் பாய் பட்டறை வைத்திருக்கிறார். என் வண்டியின் நோவு எனக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடினார். டாக்டர் கண்ணை மூடினால் எனக்குப் பயம் வந்துவிடும். "பாய், என்ன கேக்குது? கெட்ட சத்தமா? காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்குது பாய்…"

"உன் சத்தம்தான் கேக்குது தங்கச்சி. கொஞ்சம் கம்முனு இரு."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். "பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கலாம். டீசல் பீச்சற நாஸில் அடைச்சிருக்கலாம். ஏர் ஃபில்டர் எப்படி இருக்குது?" என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் கூட வந்திருந்தார். தறி நெய்கிறவர், வாரத்தில் ஒரு நாள் வண்டியைத் தேய்த்துத் துடைத்துப் பொட்டு வைப்பது அவர் பொறுப்பு. "ஃபில்டர்ல கையே வைக்க வேணாம் பாய். பங்குனியிலதான் புதுசு வாங்கி நானே மாட்டினேன்" என்றார். பாய் விட்டுவிட்டார். "அப்ப இன்ஜினை இறக்கித்தான் பாக்கணும்" என்றார்.

இன்ஜினை இறக்குவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வயிற்றைத் திறந்து பார்க்கலாம் என்று சொல்வதுபோலத்தான் அது. "இறக்கினா நிச்சயம் சரியாயிடுமா பாய்?" என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இறக்கினா உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும். இறக்காட்டி அல்லாவுக்கு மட்டும் தெரியும். சரியாகுமான்னு கேட்டா, நாங்க ரெண்டு பேருமே இப்ப சொல்ல முடியாது."

ஆளுக்கொரு எண்ணெய்

அன்றிலிருந்து எதிரில் வந்தவர்களை எல்லாம் கேட்க ஆரம்பித்தேன். ஸ்டாண்டில் எனக்கு அடுத்து வண்டி போடுகிற குமார், "கேஸுக்கு மாறிடு அக்கா, டீசல் காலம் முடிஞ்சுது" என்றான். என் வீட்டுக்காரர், "தறிக்குப் பட்டு, காருக்கு டீசல், அதை மாத்தக் கூடாது" என்றார். ஏகாம்பரநாதர் கோயிலுக்கு வந்த பெங்களூர்த் தம்பதி, கரண்ட் வண்டிதான் இனிமேல் என்றார்கள். எங்கள் தெருவில் மத்தியானம் கரண்ட் இருக்காது என்றேன், அப்போது தூங்குங்கள் என்றார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் பூ விற்கிற அம்மா, பெட்ரோல்தான் சாமிக்கு உகந்தது என்றார். எந்தச் சாமி, எதனால் என்று கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அதையும் சேர்த்து யோசித்தேன் என்பதுதான் வெட்கம்.

மறுநாள் காலை ஸ்டாண்டு டீக்கடையில் இதையே திரும்ப ஆரம்பித்தேன். டீ மாஸ்டருக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது, அவர் கருத்தையும் விட மனசில்லை. அவர் கிளாஸை என் முன்னால் வைத்தார்: "வண்டிக்கு எதை ஊத்தறதுன்னு சாயங்காலம் யோசிக்கலாம்மா. நீ முதல்ல இதை ஊத்திக்கோ, மூணு நாளா ஆற வச்சிட்டுப் போயிடற."

அடுப்பு மேல் புடவை

சொல்லிக்கொண்டே இருந்தால் ஆகாது என்று குமார் ஒரு நாள் தன் கேஸ் வண்டியை என்னிடம் கொடுத்து, என் வண்டியை அவன் எடுத்துக்கொண்டான். ஓட்டிப் பாரு அக்கா, அப்புறம் பேசலாம் என்று. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சத்தமே இல்லை. சத்தம் இல்லாததால் வழியெல்லாம் என்ன கெட்டுப்போயிருக்கிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன்.

சவாரி கல்யாண வீட்டார். புடவை எடுத்து முடித்து டிக்கியைத் திறந்தால், பாதிக்குமேல் கேஸ் சிலிண்டர் படுத்திருந்தது. மற்ற பைகளை எப்படியோ மடியிலும் காலடியிலும் அடைத்தோம். முகூர்த்தப் புடவை மட்டும் பாக்கி. அதைக் காலடியில் வைக்கக் கூடாது, இன்னொரு புடவைக்குக் கீழே வைக்கக் கூடாது. இது எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பெண்ணின் அத்தைதான் அதற்குக் காவல். அவர் மடியில் ஏற்கெனவே இரண்டு பை. "சிலிண்டர் மேல இடம் இருக்குதும்மா, ஒரு துண்டு விரிச்சு வச்சிடலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த அத்தை என்னைப் பார்த்த பார்வை என் மூன்று தலைமுறைக்கும் போதும். "ஏம்மா, நீ இந்த ஊர்க்காரிதானா? முகூர்த்தப் புடவையைக் கொண்டுபோய் அடுப்பு மேல வைக்கச் சொல்ற?"

குமார் திரும்பி வந்தான்

அன்று சாயங்காலம் குமார் என் வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தான். முகம் கறுத்திருந்தது, புகையினாலா வருத்தத்தினாலா தெரியவில்லை. "எப்படிடா இருந்துது?" என்றேன். "ஓடுது அக்கா" என்றான். "ஏன் ஓடுதுன்னுதான் புரியல."

பாவும் புகையும்

எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காய வைத்து, சுருட்டி எடுப்பார்கள். அது சுருட்டுகிற வரைக்கும் யாரும் குறுக்கே போக மாட்டோம். முன்பெல்லாம் என் வண்டி ஓரமாக ஊர்ந்து போய்விடும். புகைய ஆரம்பித்த பிறகு எதிர்வீட்டு லோகநாதன் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல நெசவாளி, கோபமே வராது. "வசந்தா, சந்தனக் கலர் பாவு. ஈரக் கஞ்சி. உன் புகை வந்து உக்காந்துச்சுன்னா என் கதி என்ன?" பாவு வெளியே இருக்கும்போது தெருவுக்குள் ஸ்டார்ட் செய்யவே கூடாது, முனைக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று தீர்ப்பானது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்படி இருக்கும்போது, நாலு வீடு தள்ளி இருக்கிற ஒருவருடைய தம்பி, சிங்கப்பூருக்குத் திரும்புகிறவர், விடியற்காலை ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்லியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளப்பான ஷூ. பெட்டிகளை ஏற்றினோம், அவரும் ஏறி உட்கார்ந்தார். தெருவில் பாவு நீட்டியாகிவிட்டது. நான் ஜன்னல் வழியாகக் குனிந்து, மிகவும் மரியாதையாக, "சார், முனை வரைக்கும் கொஞ்சம் இறங்கித் தள்ளணும்" என்றேன். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், லோகநாதன் ஒரு பக்கம், நடுவில் அவர். பாவின்மேல் இடிக்காமல் ஒரே நேராகத் தள்ள வேண்டும். லோகநாதன் "மெல்ல சார், மெல்ல, இழை, இழை" என்று அவரை மிரட்டிக்கொண்டே வந்தார். முனைக்கு வந்ததும் அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஏர்போர்ட்டுக்கு எனக்குக் கார் வேணும்னு நான் சொன்னேன். காருக்கு நான் வேணும்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா."

தெருவே கூடிக் கலர் பார்த்தது

ஆனி பாதி போய்விட்டது. இன்ஜினை இறக்கினால் திரும்பி ஏற எத்தனை நாளாகும் என்று பாய்க்கே தெரியாது, எஃப்.சி.க்குள் முடியாமல் போகலாம். கடை மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். நான் பாயிடம் போய் அழாத குறையாக நின்றேன். அவர் யோசித்துவிட்டு, "நாளைக்குக் காலையில உன் வூட்டுக்கே வர்றேன். ஆறின வண்டியில முதல் ஸ்டார்ட்டுக்கு வர்ற புகையைப் பாக்கணும். நீலமா வந்தா ஆயில் எரியுது, இறக்கித்தான் ஆகணும். கறுப்பா வந்தா டீசல் சரியா எரியல, மேல் வேலையோட போயிடும்" என்றார்.

அவர் செய்த ஒரே தப்பு, அந்தக் கேள்வியை எங்கள் தெருவில் வந்து கேட்டது. அன்றைக்குப் பாவு இல்லை, எல்லாரும் சும்மா இருந்தார்கள். நான் ஸ்டார்ட் செய்தேன். பாய் பின்னால் குனிந்து, "கறுப்புதானே?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். அவ்வளவுதான்.

"கறுப்பா? இது எலிக்கலர்" என்றார் லோகநாதன்.

"எலிக்கலர்ல நீலம் ஓடுது பாருண்ணா."

"அது வானம்பா."

"வானம் இல்ல, சாயல்ல கத்தரிப்பூ இருக்குது. நிழல்ல நின்னு பாத்தா தெரியாது, இந்தாண்ட வா."

"வெள்ளை மேல புடிச்சாதான் சரியாத் தெரியும்" என்று ஒருத்தர் உள்ளே ஓடி, சாயம் போடாத வெள்ளைப் பட்டு நூல்கழி ஒன்று கொண்டுவந்து, குச்சியில் கட்டிப் புகைக்குழாய்க்கு நேராகப் பிடித்தார். "மிதிக்கா, நல்லா மிதி!" என்று எனக்கு உத்தரவு. நான் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு, என் பிழைப்பு நீலமா கறுப்பா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை, பத்து முதுகுகள்தான் தெரிந்தன. கழியை வெயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் லோகநாதன் தீர்ப்புச் சொன்னார்: "கலர் நல்லாதான் இருக்குது. சாயம் நிக்குமான்னுதான் தெரியல."

பெட்டிக்குள் அரக்குக் கலர்

பாய் அந்தக் கழியைப் பிடுங்கி விரலால் தேய்த்தார். கரித்தூள் உலர்ந்த பொடியாக உதிர்ந்தது. "கலரை விடுங்கபா. பிசுபிசுப்பே இல்ல. ஆயில் எரியல. இதுக்குக் காத்து பத்தல." நேராக முன்னால் போய் பானெட்டைத் தூக்கி, ஃபில்டர் பெட்டியின் கிளிப்பில் கை வைத்தார். "அது புதுசு பாய்" என்றார் என் வீட்டுக்காரர். பாய் திறந்துவிட்டார்.

ஃபில்டர் புதுசுதான். அதைச் சுற்றி அரக்குக் கலர் பட்டுத் துணி, ஜரிகைக் கரையோடு, மடிப்பு மடிப்பாக, ஓரத்தில் கையால் தைத்து, தொட்டில் குழந்தைக்குப் போர்த்தியதுபோலப் போர்த்தியிருந்தது. மேலே ஒரு விரற்கடைக்கு மண். என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "ஓரிக்கை ரோட்டுல அப்ப மண்ணு பறந்துக்கினு இருந்துது பாய்… உள்ள தூசி போவக் கூடாதுன்னு… நம்ம தறியில மிஞ்சின துண்டு. நெருக்கி நெஞ்சது. ஒரு தூசி பூராது."

"தூசி பூரல ஏகாம்பரம்" என்றார் பாய். "காத்தும் பூரல."

மூன்று மாதம். பாலத்தில் பட்ட அவமானம், சிங்கப்பூர்க்காரர் வியர்வை, பூக்காரம்மாவின் பெட்ரோல், எல்லாம் என் கண் முன்னால் வந்து போயின. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது. வந்தது ஒரே ஒரு கேள்வி: "துணி போட்டீங்க, சரி. அதுக்கு எதுக்கு ஜரிகை?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார்: "நம்ம வண்டிக்குப் போடறது, கரை இல்லாமப் போட்டா நல்லாவா இருக்கும்?"

நானே ஃபெயில் ஆக்கப் பார்த்தேன்

துணியை எடுத்து, வேறு ஃபில்டர் போட்டு, நாஸில்களைச் சுத்தம் செய்து பாய் வண்டியைக் கொடுத்தார். புகை அடங்கியது, பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. ஆனாலும் பாய் மறைக்கவில்லை. இன்னும் ஒரு வருஷமோ இரண்டோ, ரிங் தேய்மானத்துக்கு இன்ஜினை ஒரு நாள் இறக்கித்தான் ஆக வேண்டும், அப்போது கேஸா டீசலா என்று பேசிக்கொள்ளலாம், இப்போது ஓட்டு என்றார். நானும் டீசலிலேயே இருப்பது என்று முடிவு செய்தேன். பாதி, நல்ல யோசனையினால். பாதி, அந்த அத்தையின் பார்வையினால்.

எஃப்.சி.க்குப் போன அன்று வண்டியை முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். அதிகாரி சுற்றி வந்து பார்த்தார், விளக்கு, பிரேக், புகை எல்லாம். அவர் ஒன்றும் பேசாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "சார், காலையில மட்டும் ஒரு கடகட சத்தம் வரும் சார். மழை பேஞ்சா இடது பக்க வைப்பர் கொஞ்சம் யோசிக்கும் சார். அப்புறம் அந்த மீட்டர்…" அவர் கையை உயர்த்தினார்: "மீட்டரை நானே பாத்துட்டேன், நாளைக்குச் சரி பண்ணிக்கினு வாங்க, கையெழுத்துப் போடறேன். அது வரைக்கும் தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்கம்மா, நல்லா இருக்கிற வண்டியை நீங்களே ஃபெயில் பண்ணிடுவீங்க."

மேனேஜரின் கடைசி போன்

மீட்டர் மாற்றி, சான்று வாங்கி, வெளியே வந்து நிற்கும்போதே போன் வந்தது. ஆடி பிறக்க இரண்டு நாள். "என்ன வசந்தா, வர்றியா இல்லையா? வேற ஆள் பாக்கட்டுமா?"

"பாத்துக்கோங்க சார். எனக்கு எஃப்.சி. ஆயிடுச்சு" என்றேன். வண்டிக்கு என்று சொல்லியிருக்க வேண்டும்; சந்தோஷத்தில் வரவில்லை.

மேனேஜர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "அப்படின்னா நல்லதாப் போச்சு. ஐயம்பேட்டையிலிருந்து தெனம் காலையில கடைப் பொண்ணுங்களைக் கூட்டிக்கினு வரணும், ஆடி முடியற வரைக்கும் உன் வண்டி கிடைக்குமா?"

பழைய வண்டியை விற்பதா, ரிப்பேர் பார்ப்பதா, எந்த எண்ணெய்க்கு மாறுவது என்று தவிக்கிறவர்களுக்கு நான் கண்டுகொண்டதைச் சொல்கிறேன்: இன்ஜினைச் சந்தேகப்படுவதற்கு முன்னால், வீட்டில் யார் அதன்மேல் அளவுக்கு மீறிப் பாசம் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.